மிக்ஸி விற்க வந்த குரல்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இன்றுவரை நான் நேராகப் பதில் சொன்னதில்லை. எழுதுகிறேன் என்றால், "பத்திரம் எழுதுறீங்களா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப டீச்சரா?" என்பார்கள். கும்பகோணத்தில் ஒரு பொம்பளை பேனாவை வைத்துப் பிழைக்கிறாள் என்றால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று ஊர் தீர்மானம் போட்டு வைத்திருந்தது. நானும் சலித்துப்போய், "ஆமா, டீச்சர்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன்.

நான் எழுதியதையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் வேலை அரிசி மூட்டைக்கு. சாக்கில் அச்சடிக்க ஒரு மில்காரர் இரண்டு வரி கேட்டார். நான் ஆசை ஆசையாக நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதில் "வேகும், குழையாது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் உரக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை நோட்டீஸ்கள். கேபிள் டிவி வந்ததும் படத்துக்குக் கீழே ஓடுகிற வரிகள். தாராசுரம் கோயில் வாசலில் விற்ற கையேடு. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா. ஒரு தடவை, மாப்பிள்ளையிடம் உள்ள நல்ல குணம் இரண்டு சொல்லுங்கள் என்று மணப்பெண்ணான அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பசி தாங்க மாட்டாரு" என்றார். அதை வைத்தே எட்டு வரி தேற்றினேன். சமையல் புத்தகம்கூட எழுதியிருக்கிறேன். என் ரசத்தைக் குடித்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் என்மேல் கேஸ் போடுவார்கள்.

நடுநடுவே என் பெயர் போட்ட புத்தகங்களும் வந்தன. கதைகள், கட்டுரைகள் என்று அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. ஆனால் அவற்றைப் படித்தவர்களைவிட என் பெயர் இல்லாத எழுத்தைப் படித்தவர்கள்தான் எத்தனையோ மடங்கு. எனக்கு ஒரு குடைச்சல் எப்போதும் உண்டு. எழுதிக் கொடுத்த வார்த்தை வெளியே போய் என்ன செய்கிறது? அதைக் கேட்டு யாராவது எழுந்து ஒரு அடி எடுத்து வைக்கிறார்களா? வேலை முடிந்த பிறகு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஒரே ஒரு தடவைதான், வலங்கைமான் மிக்ஸிக் கடை விவகாரத்தில்.

தெருவுக்கு ஓர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெயர்கூடத் தெரியாத கம்பெனிகளின் சாமான்கள் எல்லாம் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு வேலை கொடுக்கும் அச்சகக்காரர், சவுதியிலிருந்து வந்த ஒரு பாயை என் வீட்டுக்கு அனுப்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சட்டையும் வாசனையுமாக வந்து உட்கார்ந்தவர், காப்பி வருவதற்குள் தன் கதை மொத்தத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

"வலங்கைமான் கடைத்தெருவுல கட எடுத்துருக்கேங்க்கா. மிக்ஸி, கிரைண்டர், பேன், குக்கரு. ஆறு மாச லீவுல வந்துருக்கேன். மே மாசத்தோட திரும்பிப் போற ரீ-என்ட்ரி விசா முடியுது. அதுக்குள்ள கட ஓடுச்சுன்னா இங்கயே இருந்துருவேன். ஓடலன்னா மறுபடியும் பிளேன்தான். அல்லா மேல பாரத்தப் போட்டுட்டு ஒங்ககிட்ட வந்துருக்கேன்."

பேச்சுவாக்கில், வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்காக ஒரு மவுலவி சொல்லச் சொல்ல நான் எழுதின அரபுக் கைப்புத்தகம் பற்றியும் வந்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அது நீங்க எழுதுனதா? அடப் பாவமே! அதப் படிச்சிட்டுப் போயி நான் தண்ணி கேட்டா தலகாணி எடுத்துக் குடுத்தாங்கக்கா!"

"படுத்துத் தூங்குங்கன்னு அர்த்தம் பாய்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நிமிஷத்திலிருந்தே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு வேண்டியது ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போக ஓர் அறிவிப்பு. சம்பா அறுவடை முடிந்து ஜனங்களின் கையில் காசு புழங்குகிற சமயம் என்று கணக்காகத்தான் கடையைத் திறக்கிறார். யார் பேசப் போவது என்று கேட்டேன். அதை அவர் சவுதியிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்.

"எங்க ஊரு டென்ட் கொட்டாயிக்குப் படம் சொல்ற அண்ணன் ஒருத்தர் இருக்காருக்கா. நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப மாட்டு வண்டியில தட்டி கட்டி, என்ன படம்னு மைக்குல சொல்லிக்கிட்டு வருவாரு. 'கண்டு களியுங்கள்'னு அவரு இழுத்துச் சொன்னாலே பாதிப் படம் பாத்த மாரி இருக்கும். அங்க ரூம்ல பசங்க மனசு சரியில்லாம கெடக்குறப்ப நான் அவரு மாரி பேசிக் காட்டுவேன். அவரத் தவிர வேற யாரும் என் கடைக்குப் பேசக் கூடாது. மொதல்ல வேணாம் வேணாம்னாரு. ரொம்பக் கூச்சப்படுறாரு. நான் விடல."

"வலங்கைமான் சுற்றுவட்டாரப் பெருமக்களே, தாய்மார்களே" என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நல்லாத்தான் எழுதியிருந்தேன். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கொடுங்கள் என்று முடித்திருந்தேன்.

மாசி முடிகிற சமயம் பாய் திரும்ப வந்தார். இந்தத் தடவை வாசனை இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எழுத்துல ஏதோ கோளாறு இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "என்ன கோளாறு பாய்? எந்த வரியில? எடுத்துக் காட்டுங்க!" என்று குதித்தேன்.

அவர் காட்டவில்லை. ஆட்டோ மூன்று நடை சுற்றியும் கடைக்கு வெளியூர் ஆள் ஒருத்தரும் வரவில்லை என்றார். வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களும் அவர் தெருக்காரர்களும்தான். கிராமத்து ஆட்கள் கடைத்தெருவுக்கு வருகிறார்கள், உரம் வாங்குகிறார்கள், துணி வாங்குகிறார்கள், இவர் கடை வாசலில் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து உரக்கடைக்காரரிடம் கேட்டால், "போவப் போவ சரியாயிடும் பாய்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவைப் பார்க்கக் குனிந்துகொள்கிறாராம்.

அன்று சாயங்காலமே நான் வலங்கைமானுக்கு பஸ் ஏறினேன். கடை பளபளவென்றிருந்தது. பாயின் மனைவி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். கூடவே ஆறு வயது மகள், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால். அத்தாவான பாய் கூப்பிட்டால் போகாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"போட்டோவுல பாத்து வளந்தவக்கா. பக்கத்து வீட்டுல போயி, எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்காங்கன்னு சொல்லிருக்கா" என்று அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பாய் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்காஹ் ஆனதுலேருந்து இவங்களோட நான் வாழ்ந்தது எல்லாம் லீவுலதாங்க்கா. இந்தத் தடவையும் ஏர்போர்ட்டுக்குப் போயி அழ என்னால முடியாது. எப்புடியாச்சும் நல்லா எழுதிக் குடுங்க."

நல்லா எழுதுவது இருக்கட்டும், முதலில் இது என்னவென்று தெரிய வேண்டும். மறுநாள் ஆட்டோ சுற்றப் போகிறது என்றார்கள். எந்த ஊருக்கு முதலில் போகிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னாலேயே நான் அந்த ஊருக்குப் போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் அடிபம்பில் பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். யாரைத் தேடி வந்தேன் என்று கேட்டவர்களிடம் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றேன். அந்த ஊருக்கு அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

தூரத்தில் குரல் கேட்டது. நான் எழுதிய வார்த்தைகளை இன்னொருவர் வாயில் அப்படிக் கேட்டதே இல்லை. கனமான, தேன் கலந்த குரல். பெருமக்களே என்பதில் மூன்றாவது எழுத்தை ஒரு தாங்கு தாங்கி இறக்கினார். எனக்கு ஜிவ்வென்றிருந்தது. இந்தக் குரலில் சொன்னால் நான் இரண்டு மிக்ஸி வாங்குவேன்!

அடிபம்பு நின்றுவிட்டது. ஒரு பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒரு வயசாளி வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்து கேட்டார்: "யாரு போயிட்டா?"

"தெரியலயே. கிழக்குத் தெரு ஆயா நேத்தே இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு..."

ஆட்டோ வளைவில் திரும்பியது. குக்கர், கிரைண்டர் என்று காதில் தெளிவாக விழுந்தது.

"அடி கெரகமே! மிக்ஸியாம்டி!" என்று குடத்தை விட்டவள் கத்தினாள். "நெஞ்சு திடுக்குனு ஆயிருச்சு. அவரு வாயால சொல்லிக் கேட்டுட்டு அந்த மிக்ஸிய வீட்டுக்குள்ள எடுத்தாந்தா வெளங்குமா?"

எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அவள் வாயைக் கிளறி வாங்கினேன். டென்ட் கொட்டகை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு படம் சொல்ல ஆள் எதற்கு? மைக் செட்டும் குரலும் மிச்சமாக இருந்த அந்த அண்ணன், சாவு அறிவிப்புக்குப் போக ஆரம்பித்தார். இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் சாவு என்றாலும் ஆட்டோவில் வந்து சொல்கிறவர் அவர்தான். அவர் குரல் கேட்டால் உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்களாம்.

பாய் ஊரில் இல்லாத வருஷங்களில் நடந்தது இது. அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் மனைவிக்கும் தெரியவில்லை. அவர்கள் தெருவில் மவுத் என்றால் பள்ளிவாசல் ஸ்பீக்கரில்தான் சொல்வார்கள், ஆட்டோ அந்தப் பக்கம் வருவதே இல்லை. எனக்கும் தெரியாது. இத்தனைக்கும், அவள் சொல்லிக் காட்டிய வரியைக் கேட்டதும் தெரிந்தது, அந்தச் சாவு அறிவிப்பை எழுதியதும் நான்தான். பேரையும் ஊரையும் மட்டும் மாற்றிப் படித்துக்கொள்கிற மாதிரி பொதுவாக ஒன்று வேண்டும் என்று அச்சகக்காரர் எப்போதோ கேட்டு வாங்கியிருந்தார். ஒரே ஆளின் வாயில் என் எழுத்து இரண்டும் இத்தனை நாளாக ஊர் சுற்றியிருக்கிறது!

"சரிம்மா, இதப் பாய்கிட்ட ஒருத்தராவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லாருக்கே நீங்க சொல்றது! புதுசா கட தொறந்து உக்காந்துருக்குற மனுசன்கிட்ட போயி எழவப் பத்திப் பேசுவாங்களா?"

உரக்கடைக்காரர் ஏன் குனிந்துகொண்டார் என்பது விளங்கிவிட்டது. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று ஒரு வட்டாரமே மரியாதையாக வாயை மூடிக்கொண்டு, அந்த மனுஷனை மறுபடியும் பிளேன் ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அன்றைக்கே அந்த அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கின, ஒல்லியான ஆள். அந்த உடம்பில் அந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறார் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருக்க, அவரே ஆரம்பித்தார்.

"மதகுல ஒக்காந்துருந்தது நீங்கதானம்மா? எனக்குத் தெரியும்மா. என்னால அந்தக் கடைக்குக் கெடுதல்தான். மொதல் நாளே வேணாம்னு சொன்னேன். தம்பி கேக்கல."

"ஏன் வேணாம்னு காரணத்தச் சொல்லிருக்கலாமேண்ணே?"

அவர் ஸ்பீக்கரின் தூசியைத் துண்டால் துடைத்தார். "எங்கப்பா எழவு சொல்லிப் போனவரும்மா. நடந்தே போவாரு. பத்து மைலுன்னாலும் நடதான். வாசல்ல எட்ட நின்னு சொல்லிட்டுத் திரும்பி வரணும். சின்னப் புள்ளையில நான் கூடப் போயிருக்கேன். இந்த வேலைக்கு வரவே கூடாதுன்னுதான் கொட்டாயில போயி மைக்கப் புடிச்சேன். கொட்டாயி போச்சு. அந்த வேல மைக்கத் தேடிக்கிட்டு வந்துருச்சு." துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லதுக்கு என்னை யாரும் கூப்புட்டதே இல்லம்மா, அதுக்கப்பறம். தம்பி வந்து, நீங்கதாண்ணே பேசணும்னுச்சு. ஆசப்பட்டுட்டேன்."

என் அப்பாவும் நடந்தவர்தான். பண்ணை வீட்டில் சாவு என்றால் எங்கள் தெருவிலிருந்துதான் ஆள் போக வேண்டும். ராத்திரியா பகலா என்று பார்க்க மாட்டார்கள். அப்பா திரும்பி வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். எந்த எட்டு வரியிலும் நான் இதை எழுதினதில்லை. அந்த அண்ணனிடம் அதைச் சொன்னேன். "அப்புடியாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்க ஆள் அனுப்பினார்.

பாயிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. அப்புறம் கிரைண்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கடை போச்சே என்பதைவிட, அத்தனை வருஷம் பாலைவனத்தில் தான் சந்தோஷத்துக்கு வைத்துக்கொண்டிருந்த குரலை ஊர் இப்படி ஆக்கிவிட்டதே என்றுதான் அவர் கண் கலங்கினார். அண்ணனை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்றார். சொல்லவே மாட்டேன், கடை போனாலும் பரவாயில்லை என்றார். "ஏங்க, அப்ப நாங்க?" என்று மனைவி கேட்டார்.

மறுநாள் கடை திறக்கும்போதே அண்ணன் ஆட்டோவோடு வந்து நின்றார். மைக்கைக் கழற்றிப் பாயின் கையில் வைத்தார். "செட்டு என்னோடது, வாய் ஒன்னோடதா இருக்கட்டும். நான் பின்னால உக்காந்து வால்யூம் பாத்துக்கிறேன்" என்றார். பாய் மறுத்துப் பார்த்தார். அண்ணன் ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்.

இப்போது என் முறை. பாய் என் அறிவிப்பைப் படித்துப் பார்த்தார். சகிக்கவில்லை! ஐந்தாம் வகுப்புப் பையன் சுதந்திர தின விழாவில் பேசுகிற மாதிரி இருந்தது. நான் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "சவுதியில என்ன வேல பாத்தீங்க பாய்?" என்றேன். இதுவரை கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டு தயங்கினார். வேலை ஏ.சி. மெக்கானிக் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாராம். மெக்கானிக் வேலை பாதியில் போய், தொழிலாளர் கேம்ப்பில் சமையல்காரராக இருந்திருக்கிறார்.

"சமையலா? நீங்களா?" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். "இங்க வந்து ஒரு டம்ளரு தண்ணிகூட எடுத்துக் குடிச்சதில்லையேங்க!"

சிரிப்பாக ஆரம்பித்தது, அழுகையில் போய் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே காலைல சட்னி நீங்கதான்" என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாய் பேசப் பேச, அவர் பேசின மாதிரியே எழுதினேன்.

"தாய்மார்களே, நான் கடைக்கார பாய் பேசுறேன். சவுதியில நாப்பது பேருக்கு நான்தான் சமையல். தேங்கா அரைச்சு அரைச்சு மிக்ஸியோட மனசு எனக்குத் தெரியும். எது சூடாவும், எது மூணு மாசத்துல கத்தும், எதுல இஞ்சி நாரு நாரா நிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். வந்து கேளுங்க. வாங்காட்டியும் பரவால்ல, அரிசி கொண்டாங்க, அரைச்சுக் காட்டுறேன்."

ஆட்டோவில் நானும் தொற்றிக்கொண்டு போனேன். அதே ஊர், அதே அடிபம்பு. யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. குடத்தை விட்டவள் முதலில் முழித்தாள், அப்புறம் சிரித்தாள். "ஆம்பள சமையலப் பத்திப் பேசுறாருடி!" என்று எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பின்னால் உட்கார்ந்து வால்யூமைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு தனக்கே கிடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரச் சந்தைக்கு வந்தவர்கள் ஊறவைத்த அரிசியும் உளுந்துமாகக் கடைக்குள் நுழைந்தார்கள். அரைத்துப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மே மாதம் ரீ-என்ட்ரி முடிந்த அன்றைக்குப் பாய் ஒரு கல்யாணச் சீருக்குக் கிரைண்டர் ஏற்றிவிட வண்டி தேடிக்கொண்டிருந்தார். "இன்னிக்குத்தாங்க கடைசி" என்று மனைவி ஞாபகப்படுத்தினாராம். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கயிறு கட்டப் போய்விட்டாராம். அந்தப் பெண் இதை என்னிடம் பூத்திலிருந்து போன் போட்டுச் சொன்னார். எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அத்தனை நிறைவு.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காகப் பாயின் குரல்தான் அந்த வட்டாரத்தில் வியாபாரக் குரல். அண்ணன் செட், பாய் வாய். ஆட்டோ சத்தம் கேட்டாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சாவு அறிவிப்புக்கு அண்ணன் தனியாகப் போவார். அன்றைக்குப் பாய் மைக்கைத் தொட மாட்டார். யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் கடைப்பிடித்த வழக்கம் அது.

ஒருநாள் காலையில் பாய் போன் செய்தார். அண்ணன் போய்விட்டார்.

"எழுதிக் குடுங்கக்கா" என்றார். யார் பேசப் போவது என்று கேட்டேன். "நான்தான்."

அந்தக் குரலை வைத்துத்தான் அவர் கடை, அவர் வீடு, அவர் இந்த ஊரில் இருப்பது எல்லாம். ஒரு தடவை சாவு சொல்லிவிட்டால் ஊர் அதை மறக்காது. இதைப் பாய், அவர் மனைவி, நான் என்ற எங்கள் மூன்று பேரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? யோசித்துச் செய்யுங்கள் பாய் என்றேன். அவர் மனைவி போனை வாங்கினார். "யோசிச்சாச்சுக்கா. அவருக்கு வேற யாரு சொல்றது? வியாபாரம் போனா போவட்டும். நானே போவச் சொல்லிட்டேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக எதையும் எழுதினதில்லை. பேரையும் ஊரையும் மாற்றிப் படிக்கிற அந்தப் பழையதைத் தொடவில்லை. நமக்கெல்லாம் படம் சொன்னவர் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் ஊர். பாய் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டல் கேட்டதுமே கதவுகள் திறந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். குடத்துக்காரியின் இடுப்பில் இப்போது பேரப்பிள்ளை. "என்ன பாய், இன்னிக்கு என்ன கொண்டாந்துருக்கே?" என்றாள்.

பாய் தாளைச் சீட்டில் வைத்தார். அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்துக்கொண்டே மைக்கை நிறுத்தினார். இறங்கினார். செருப்பை ஆட்டோவிலேயே கழற்றிவிட்டு அவள் வீட்டு வாசலுக்கு நடந்து போய், அண்ணன் சொல்லிக் கேட்ட அவர் அப்பாவைப் போல எட்ட நின்று, வாயால் சொன்னார். அவள் பிள்ளையை இறக்கிவிட்டாள். "எட்ட நிக்காதே பாய், உள்ள வா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஊர் முழுக்க அப்படியே நடந்தார். அடுத்த ஊரும் அப்படித்தான். ஆட்டோ மைக் போடாமல் பின்னால் ஊர்ந்துகொண்டு போனது. நான் எழுதிய தாள் சீட்டில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்து யாரும் படிக்காமல் போனது அது ஒன்றுதான். அன்றைக்கு நானும் இறங்கி, என் அப்பாவை நினைத்துக்கொண்டு, பாய்க்குப் பின்னாலேயே நடந்தேன்.